பியோன்டெக்கின் புறா கூரையில் உட்கார்ந்திருந்த நேரம்

மைக் கட்டிய நீளக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் பிழைப்பு. பெரிய கம்பெனிப் படங்களில் அல்ல. ஒரே வேனில் ஐந்து பேரும் கேமராவும் சாப்பாட்டுக் கூடையும் நெருக்கியடித்துக்கொண்டு போகிற படங்களில். அந்தப் படங்களில் நடிகர்கள் இருக்க மாட்டார்கள். பஸ் ஓட்டுகிறவர் பஸ் ஓட்டுவார், மீன் வெட்டுகிறவள் மீன் வெட்டுவாள், யாரும் எட்டிப் பார்க்காத மனிதர் யாரும் எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். என் கம்புக்குக் கீழே எத்தனையோ முகங்கள் வந்து போய்விட்டன. எர்வின் பியோன்டெக்கை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர் ஜெர்மனியில் எங்கள் ரூர் நிலக்கரிப் பக்கத்து ஆள். ஹெர்னேயில், சுரங்கக் குடியிருப்பில், செங்கல் வீடு. பின்னால் நீளமான தோட்டம். தோட்டத்துக் கடைசியில் ஒரு கொட்டகை, அதன் மாடியில் புறாக் கூண்டு. அவர் சுரங்கத்துக்குள் இறங்கியவர் இல்லை. சுரங்கத்துக் குளியல் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். உள்ளே இறங்குகிறவர்கள் தங்கள் துணியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுத்தால் துணி உத்தரத்துக்குப் போய்விடும். வேலை முடிந்து கரியோடு வந்து குளித்துவிட்டு இறக்கிக்கொள்வார்கள். எந்தச் சங்கிலி யாருடையது, எது சிக்கிக்கொள்ளும், எவன் வாரம் தவறாமல் சாவியைத் தொலைப்பான், எல்லாம் எர்வினுக்கு அத்துப்படி. ஒரு ஷிப்டுக்கு நானூறு பேர்.

அந்த நானூறு பேரும் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டது 1978இல்.

எங்கள் பக்கத்தில் கோடை ஞாயிற்றுக்கிழமை என்றால் புறாப் பந்தயம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் சங்கத்தில் புறாக்களைக் கூடையோடு ஒப்படைத்தால், லாரி அவற்றை நானூறு கிலோமீட்டர் கொண்டுபோய்த் திறந்துவிடும். புறா வீடு திரும்பியதும் காலிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, முத்திரை வைத்த கடிகாரப் பெட்டிக்குள் போட்டுத் திருக வேண்டும். பெட்டி நேரத்தைக் காகிதத்தில் குத்தும். சாயந்திரம் எல்லாருடைய பெட்டிகளையும் ஒரே மேஜையில் வைத்துத் திறப்பார்கள். அந்த வருடம் எர்வினின் புறா மற்ற எல்லாருடையதற்கும் எட்டு நிமிடம் முன்னால் வந்திருந்தது. அவர் பெட்டியின் ஈய முத்திரை உடைந்திருந்தது.

“நான் தொடல” என்றார் எர்வின். சங்கத் தலைவர் ஹூபர்ட் ரோகல்லா அடுத்த தெருக்காரர். சின்ன வயதில் எர்வினோடு பந்து உதைத்தவர். அவர்தான் சங்கப் பட்டியலிலிருந்து எர்வினின் பெயரை அடித்தார். கடிகாரத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குடிகாரனை மன்னிக்கத் தெரியும், கடன்காரனை மன்னிக்கத் தெரியும். கடிகாரத்தில் கை வைத்தவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். மறுநாள் முதல் நானூறு பேரும் எர்வின் முன்னால் அம்மணமாக நின்று குளித்தார்கள், யாரும் ஒரு வணக்கம் சொல்லவில்லை. சங்கிலி சிக்கினால் கூப்பிட மாட்டார்கள், சிக்கிய சங்கிலிக்குக் கீழே நிர்வாணமாக நின்றுகொண்டிருப்பார்கள். எர்வினாக வந்து எடுத்துக் கொடுப்பார். அவர் மனைவி இறந்தபோது சங்கத்திலிருந்து மலர் வளையம்கூட வரவில்லை. எனக்கு இதைக் கேட்டபோது ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ, கூடத்தில் தண்ணீர் சூடு சரியாக இருந்ததா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார்.

புறாக்களை அவர் விடவில்லை. சங்க லாரி கிடையாது என்பதால் ஞாயிறு விடிந்ததும் இரண்டு புறாக்களைக் கூடையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவார். தெற்கே வெகுதூரத்திலுள்ள வூர்ட்ஸ்பர்க் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் திறந்துவிடுவார். அடுத்த ரயிலைப் பிடித்து ஊர் திரும்புவார். அந்த ரயிலில்தான் எங்கள் டைரக்டர் வீப்கே அவரைப் பிடித்தாள். ஹாம்பர்க்காரி, அப்போதுதான் படிப்பை முடித்தவள், யாரிடமும் பேச்சுக் கொடுக்கத் தயங்காதவள்.

“ஐயா, கூடை காலியா இருக்கே, என்னத்தக் கொண்டுபோனீங்க?”

“புறா.”

“வித்துட்டீங்களா?”

“விட்டுட்டேன். எனக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிருக்கும்.”

“அப்ப நீங்க போறதுக்குள்ள அது வந்து இறங்கறத நீங்க பாக்கவே முடியாதே.”

“பத்தொன்பது வருஷமா பாத்ததில்ல” என்றாராம் எர்வின்.

வீப்கே அன்று ராத்திரியே எனக்கும் கேமராக்காரன் லுட்கருக்கும் போன் செய்தாள். எழுதி வைத்திருந்த கதையைக் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். புறா வளர்க்கிறவனுக்குப் புறா எதற்கு? அது வானத்திலிருந்து இறங்கி வருகிற அந்த ஒரு நிமிடத்துக்குத்தானே? அந்த நிமிடம் இல்லாமலேயே ஒரு மனிதர் பத்தொன்பது வருடம் தீனி போட்டு, கூண்டு கழுவி, ரயிலேறியிருக்கிறார். புறாவைக் கொண்டுபோய் விட்டுவர ஒரு சிநேகிதன் இல்லாததால்.

அவரை அவராகவே நடிக்க வைத்தோம். நல்லவேளை, அவருக்கு நடிக்கத் தெரியாது. வீப்கே அவருக்கென்று ஒரே ஒரு வசனம் எழுதியிருந்தாள்: நான் குற்றமற்றவன். எர்வின் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இத நான் எழுபத்தெட்டுலயே ஒரு தடவ சொல்லிட்டேனே” என்றார்.

பந்தயம் ஒன்று வேண்டும் என்று வீப்கே சங்கத்துக்குப் போனாள். நானும் போனேன். பியர் கடையின் பின்னறை, சுவர் முழுக்கக் கோப்பைகள். ரோகல்லா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“சினிமாவுல நாங்களும் வருவமா?”

“வருவீங்க.”

“அந்தத் திருடன் கூடவா?”

“அவர் இல்லாம படமே இல்ல.”

பின்னாலிருந்து ஒருவர், “ஹூபர்ட், உன் தொப்பைக்குப் பெரிய திரையாப் பாத்துப் போடச் சொல்லு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கோடையில் புறாவைத் தவிர வேறு வேலை இல்லாதவர்கள், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ரோகல்லா ஒரு விரலைத் தூக்கினார்.

“ஒரே ஒரு புறா. கடிகாரம் எங்களோடது. முத்திரையை நான் வெப்பேன். அவன் வீட்டுல கொண்டுபோய் வெக்கறதும் நான்தான்.”

எர்வின் தேர்ந்தெடுத்தது நீலச் சாம்பல் நிறப் பெட்டை. அவர் புறாக்களுக்குப் பெயர் வைக்க மாட்டார், வளைய எண்தான். இது 417.

ஜூன் மாத ஞாயிறு. காலை ஏழு மணிக்கே தோட்டத்தில் இருந்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி ரொட்டியில் வேகாத பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்துக் கொடுத்தார், பிளாஸ்கில் காபி. சாப்பிட்டு முடித்ததும் சட்டம் சொன்னார். வெள்ளைச் சட்டை கூடாது, சிவப்பு கூடாது, புறா மிரளும். பக்கத்து வீட்டுக்காரிகள் இன்றைக்கு வெள்ளைத் துப்பட்டி காயப்போட மாட்டார்கள், அதுபோல நாமும் இருக்க வேண்டும்.

“பொண்ணு, நீ எங்க நிப்ப?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது நாற்பது வயது. கொட்டகைக்குப் பக்கத்துச் சுவரோரம் என்றேன்.

“சரி. புறா தலை தெரிஞ்சதுலேர்ந்து அது உள்ள போற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது. மூக்கு அரிச்சாலும் அரிக்கட்டும்.”

சினிமாக்காரர்களுக்கு ‘சத்தம் போடாதே, அசையாதே’ என்பது புதிதா என்ன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எங்களிடம் அன்றைக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு டப்பா பிலிம். ஒரு டப்பா பதினோரு நிமிடம் ஓடும். புறா வந்து இறங்க ஒரு நிமிடம், வளையத்தைக் கழற்ற ஒரு நிமிடம், தாராளம் என்றான் லுட்கர்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் எர்வின் கவிழ்த்து வைத்த பியர் பெட்டியில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. கோக் கரி சுடும் ஆலையின் புகைபோக்கிக்கு மேலே ஒரு புள்ளி, அவ்வளவுதான். லுட்கர் கேமராவை ஓடவிட்டான். நான் கம்பை உயர்த்தினேன். புள்ளி சிறகை மடித்துக்கொண்டு கல்லைப் போல விழுந்தது, வீட்டுக்கு மேலே வந்ததும் சிறகை விரித்தது, கூண்டுப் பலகைக்கு நேராக வந்தது. எர்வின் புறாவைக் கூப்பிடும் பட்டாணி டப்பாவை ஒரு முறை குலுக்கினார்.

பலகைக்கு இரண்டு கை தூரத்தில் 417 திரும்பிவிட்டது. மேலே போய் வீட்டுக் கூரையின் முகட்டில் உட்கார்ந்தது.

மற்ற புறாக்கள் ஒன்றும் இன்னும் வானத்தில் இல்லை. அவர் புறாதான் முதல் புறா. ஆனால் கூரையில் உட்கார்ந்த புறாவுக்கு நேரம் கிடையாது. வளையம் பெட்டிக்குள் விழ வேண்டும். முதல் நிமிடம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. பட்டாணியைப் பார்க்கிறது, பலகையைப் பார்க்கிறது, தலையைச் சாய்த்து என் பக்கம் பார்க்கிறது, இறங்கவில்லை. நான் சொன்ன பேச்சு தட்டாமல் சிலை மாதிரி நின்றேன். கம்பின் நுனியில், கூண்டு வாசலுக்கு மேலே, காற்றுச் சத்தம் விழாமலிருக்க மைக்குக்குப் போர்த்திய சாம்பல் நிற மயிர் உறை அசைந்துகொண்டிருந்தது. எங்கள் தொழிலில் அதைச் செத்த பூனை என்றுதான் சொல்வோம். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே பழகியும், ஒரு புறாவின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எர்வினுக்கு உறைத்துவிட்டது. அவர் கண் ஒரே ஒரு முறை என் கம்பு நுனிக்குப் போய், மறுபடி கூரைக்குத் திரும்பியதை நான் பார்த்தேன். அந்த நொடியில் எனக்கும் புரிந்துவிட்டது. இறக்கலாமா? இறக்கினால் அந்த அசைவுக்கே எழுந்து பறந்துவிடுமோ?

நான் எதிர்பார்த்தது கோபத்தை. பத்தொன்பது வருடம் கழித்துக் கிடைத்த ஒரே ஒரு வாய்ப்பை, எங்கிருந்தோ வந்த சினிமாக்காரி ஒருத்தி பூனையைக் காட்டிக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். யாராக இருந்தாலும் முகம் கோணும். அவர் முகம் கோணவில்லை. பட்டாணி டப்பாவை முழங்காலில் வைத்தார், கையை அதன்மேல் வைத்தார், கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வேன்? ஊர் திரும்பிய பிள்ளையை அது சாப்பிடும்போது பார்த்துக்கொண்டிருப்பார்களே, அப்படி. அவசரமே இல்லை. மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அடுத்த தெரு வானத்தில் ஒரு புறாக் கூட்டம் வந்து இறங்கியது. ரோகல்லாவின் வீட்டுப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். எல்லாம் அவர் காதில் விழுந்தது, கண் மட்டும் 417ஐ விட்டு நகரவில்லை. எத்தனையோ பெரிய நடிகர்களின் கண்ணைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். நான் பார்த்தது போதும் எனக்கு.

பதினோராவது நிமிடத்தில் கேமரா சடசடவென்று பிலிம் தீர்ந்து நின்றது. லுட்கர் கண்ணை மூடிக்கொண்டான். என் ரெக்கார்டரில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. கம்பைத் தூக்கிப் பிடித்துப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. நானாக இறக்கவில்லை. தோள் கைவிட்டுவிட்டது. கம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து சுவருக்குப் பின்னாலிருந்த செடிக்குள் போய் அமுங்கியது. அடுத்த மூச்சில் சிறகுச் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு அடித்து எட்டு நிமிடம் கழித்து வளையம் பெட்டிக்குள் விழுந்தது. எர்வினுக்குப் பத்தொன்பதாம் இடம். முதல் பரிசு ரோகல்லாவின் புறாவுக்கு, பன்னிரண்டு மூன்றுக்கு.

நான் அழுதுவிட்டேன். என்னைத் திட்டுங்கள் என்று அவரிடமே போய் நின்றேன்.

“உன்ன எதுக்குத் திட்டணும்? அசையாம நில்லுன்னு சொன்னது நான்தானே. நின்ன.”

“ஒரு சைகை காட்டியிருக்கலாமே.”

“காட்டியிருந்தா அது எழுந்து இன்னொரு வட்டம் போயிருக்கும்.” 417 அவர் உள்ளங்கையில் இருந்தது. கட்டைவிரலால் அதன் கழுத்தைத் தடவினார். “பத்தொன்பது வருஷம் வந்து இறங்கறத பாக்கல. இன்னிக்குப் பதிமூணு நிமிஷம் பாத்தேன். மத்தவனுக்கெல்லாம் ஒரு நிமிஷந்தான் கெடைக்கும்.”

அவர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார்.

வீப்கே விடவில்லை. “எங்ககிட்ட ஆதாரம் இருக்கு. உங்க புறாதான் முதல்ல வந்துச்சு. ரோகல்லாகிட்ட காட்டுவோம்” என்று குதித்தாள். எர்வின் தலையை ஆட்டினார்.

“வளையம் பெட்டில விழற நேரந்தான் நேரம். எனக்குன்னு தனிச் சட்டமா?”

படத்தை வெட்டி ஒட்டும்போது அந்தப் பதினோரு நிமிடத்தில் வீப்கே கத்தியே வைக்கவில்லை. பிலிம் தீர்ந்த இடத்தில் திரையை இருட்டாக விட்டு, என் டேப்பை அப்படியே ஓடவிட்டாள். இரண்டு நிமிட இருட்டு. பைத்தியக்காரத்தனம் என்றேன், உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. எர்வினை அழைத்து வந்து காட்டினோம். பார்த்து முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பொண்ணு, அந்தக் கோயில் மணி. அத எடுத்துட முடியுமா?”

“எதுக்கு?”

“புறா கூரையில இருக்கும்போது அடிக்குது. ஹூபர்ட் கேட்டா கணக்குப் போட்டுடுவான். அவன் கோப்பையை நான் கேக்கற மாதிரி ஆயிடும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “முடியாது. கை ஒடியப் பிடிச்சு நான் பதிஞ்ச சத்தம். ஒரு தூசி தட்ட விட மாட்டேன்.”

அவர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். “உன் பிடிவாதத்துக்கு நீ புறா வளக்கலாம்” என்றார்.

மறு வருடம் ஏப்ரலில், பந்தயக் காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், ஹெர்னேயில் எண்பது பேர் உட்காரும் தியேட்டரில் படத்தைப் போட்டோம். சங்கத்துக்காரர்கள் தங்களைத் திரையில் பார்க்க இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். ரோகல்லா இரண்டாம் வரிசையில். எர்வின் கடைசி வரிசையில் ஓரமாக, என் பக்கத்தில். பியர் கடைக் காட்சியில் ஒரே கூச்சல், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கேலி. பிறகு அந்த ஞாயிறு வந்தது. புள்ளி தெரிந்தது, 417 விழுந்தது, திரும்பியது, முகட்டில் உட்கார்ந்தது.

தியேட்டர் அடங்கியது. நான் சொல்வது வாய் மூடியதை அல்ல. எனக்கு முன்னாலிருந்தவர் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் விட்ட கையை அப்படியே வைத்திருந்தார். ஒருவரும் இருமவில்லை. ஒரு நாற்காலி முனகவில்லை. திரையிலிருக்கும் புறா தாங்கள் அசைந்தால் பறந்துவிடும் என்பதுபோல எண்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நொடியும் என்ன விலை என்று அவர்களுக்குத்தான் தெரியும். படம் பிடித்த எங்களுக்கே தெரியாத அளவுக்குத் தெரியும். அவர்கள் பார்த்தது எர்வினின் முகத்தை. இருபது வருடமாகப் பார்க்காமலிருந்த முகத்தை.

கோயில் மணி அடித்தது. இரண்டாம் வரிசையில் ரோகல்லாவின் தலை மெல்ல நிமிர்ந்தது.

திரை இருண்டது. படம் ஓட்டுகிற பையன் ஏதோ பழுது என்று எண்ணி விளக்கைப் போடப் போனான். “கைய எடுடா, இன்னும் உள்ள வரல” என்று இருட்டில் ஒரு குரல் சீறியது. என் மூச்சு கேட்டது, கம்பு செடியில் உரசுவது கேட்டது. பிறகு சிறகு. பலகையில் நகங்கள். டப்பாவில் பட்டாணி. கடைசியில் பெட்டியின் கைப்பிடி திருகி, டக். எண்பது பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். அப்படி ஒரு சத்தத்தை நான் என் வாழ்நாளில் பதிவு செய்ததில்லை. அன்றைக்கு என்னிடம் மைக்கும் இல்லை.

விளக்கு எரிந்தது. யாரும் கை தட்டவில்லை. ரோகல்லா எழுந்தார், வரிசையைத் தாண்டி, படியேறி எங்களிடம் வந்தார். தொப்பி கையில் இருந்தது. எர்வின் எழுந்து நின்றார்.

“மணி அடிக்கும்போது உன் புறா கூரையில இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

“பத்து மாசமா நீ ஒரு வார்த்த சொல்லல.”

“வளையம் பெட்டில விழற நேரந்தான் நேரம், ஹூபர்ட்.”

ரோகல்லா தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். கழுத்து சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்க அவர் தலைமுறைக்குச் சொல்லித் தரவில்லை. தொண்டையைச் செருமினார்.

“உன் கடிகாரம் என் அலமாரிலதான் கெடக்கு. எண்ணெ போட்டு வெக்கறேன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கூடையத் தூக்கிட்டு வா.”

எர்வின் கேட்டார்.

“எத்தன புறா கொண்டு வரலாம்?”

“உங்கிட்ட எத்தன இருக்கோ அத்தனையும்.”

எர்வின் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருட்டான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. அவராக எழுந்து வருகிற வரைக்கும் எண்பது பேரும் நின்ற இடத்தில் அசையாமல் நின்றோம்.